ரெயிலில் பாடிய சிறுமி லட்ச ரூபாய் நடிகை ஆனார்!

கோவிலில் திருவிழா. மூங்கில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி பாடுகிறது. கடைவீதியில் காய் வாங்கிக் கொண்டிருந்த ஓர் அம்மாள், பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று விடுகிறார்.

"யார் பாடுவது?" என்று பேரன் கேட்கிறான்.

"அவ்வையார்" என்கிறார் பாட்டி.

அவ்வையார் பாடியதை யார் கேட்டார்கள்? பாட்டி சொல்வது கே.பி.சுந்தராம்பாளை! ஒரு நடிகையின் பெயர் மறைந்து, அவர் போட்ட வேஷத்தின் பெயரே நிலைத்து விட்டது. இதைவிடப் பெரிய விருது நடிப்புத் தொழிலில் இல்லை.

ஆனால், அந்த வேஷத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி லேசானது அல்ல. பசி, புகழ், காதல், சாவு, சபதம் எல்லாம் அந்த வழியில் இருந்தன.

காவிரிக் கரையில்

ஈரோட்டில் இருந்து கரூர் வழியாகத் திருச்சிக்கு ரெயில் போகிறது. வழியில் காவிரிக் கரையில் இருக்கிற ஊர் கொடுமுடி. அங்கே 1908-ம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார்.

"கே.பி." என்ற எழுத்துகளில் "கே" என்பது கொடுமுடி. "பி" என்பது பாலாம்பாள். அது தாயாரின் பெயர். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போடுவதுதான் ஊர் வழக்கம். இவரோ கடைசி வரை தாயின் பெயரையே முன்னால் வைத்துக் கொண்டார். அதற்குக் காரணம் உண்டு. குடும்பத்தைத் தாங்கியவர் அந்தத் தாய்தான்.

வீட்டில் வறுமை. சில நாள் அடுப்பு எரியும். பல நாள் எரியாது. சிறுமி சுந்தராம்பாளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பாட்டு.

ரெயிலில் ஏறிப் பாடினாள். பயணிகள் கொடுத்த காசை வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

ஓடும் ரெயிலில் பாடுவது எளிதா? சக்கரம் கடகடவென்று சத்தம் போடும். என்ஜின் ஊதும். பிரயாணிகள் பேசிக் கொண்டு இருப்பார்கள். அத்தனை இரைச்சலையும் தாண்டிக் குரல் போனால்தான் காசு விழும். சங்கீத வித்துவான்கள் தண்ணீரில் கழுத்தளவு நின்று சாதகம் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுந்தராம்பாளுக்கு ரெயில் பெட்டியே சாதகம் செய்யும் இடமாக இருந்தது.

ரெயில்வே அதிகாரி கேட்ட குரல்

அந்த நாளில் திருச்சியில் எப்.ஜி.நடேச அய்யர் என்று ஒரு ரெயில்வே அதிகாரி இருந்தார். வேலை ரெயில்வேயில், மனசு நாடகத்தில். நாடக சபை வைத்து, தாமே வேஷம் போட்டவர். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற சிலரை முதன்முதலில் மேடை ஏற்றியவரும் அவரே. சிறுமியின் குரலைக் கேட்டு, இது நாடகத்துக்கு உரிய குரல் என்று கண்டு கொண்டவர் அவர் என்பார்கள்.

பிறகு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சுந்தராம்பாள் சேர்ந்தார். முதலில் கிடைத்தது "நல்லதங்காள்" நாடகத்தில் பிள்ளை வேஷம்.

நல்லதங்காள் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நாட்டில் பஞ்சம். ஏழு பிள்ளைகளை அழைத்துக் கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணி சோறு போடவில்லை. பிள்ளைகள் பசியால் துடிக்கின்றன.

அந்தப் பசித்த பிள்ளையாக மேடையில் நின்றாள் சுந்தராம்பாள். பசி எப்படி இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டி இருக்கவில்லை. கொட்டகையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்கள்.

ஒத்திகை இல்லாத நாடகம்!

அந்தக் கால நாடகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

"ஸ்பெஷல் நாடகம்" என்று ஒன்று உண்டு. நாடகம் நடத்துகிறவர் ஒரு தேதி குறிப்பார். ராஜா வேஷக்காரர் ஓர் ஊரில் இருந்து வருவார். அவருக்கு "ராஜபார்ட்" என்று பெயர். பெண் வேஷம் போடுகிறவர் வேறு ஊரில் இருந்து வருவார். அவர் "ஸ்திரீபார்ட்". கோமாளி ஒருவர். ஆர்மோனியக்காரர் ஒருவர். எல்லோரும் அன்று மாலைதான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டு அவரவர் நெஞ்சில் இருக்கும்.

இரவு தொடங்கினால் விடிகிற வரை நாடகம் நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான்!

மேடையில் தர்க்கம் நடக்கும். ஒருவர் கேள்வி போடுவார். மற்றவர் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு ராகத்தைப் பிடித்தால், மற்றவர் அதற்கு மேலே போக வேண்டும். தோற்றுப் போனால் மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவர் சுந்தராம்பாள். வள்ளியாக வந்தார். ஆண் வேஷமும் போட்டார். "சுந்தராம்பாள் நாடகம்" என்று நோட்டீசு ஒட்டினால், பக்கத்துக் கிராமங்களில் இருந்து வண்டி கட்டிக் கொண்டு ஜனங்கள் வந்தார்கள்.

கொழும்பில் சந்திப்பு

தமிழ் நாடகத்துக்கு அன்று இலங்கையிலும் பெரிய வரவேற்பு இருந்தது. சென்னையில் இருந்து ரெயிலில் தனுஷ்கோடி. அங்கே இருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடியும் ரெயிலில் கொழும்பு. நடிகர்கள் இப்படிப் போய் வருவது வழக்கம். சுந்தராம்பாளும் கொழும்பில் நாடகம் நடத்திப் புகழ் பெற்றார்.

அப்போது தமிழ்நாட்டு மேடையில் கொடி கட்டிப் பறந்தவர் எஸ்.ஜி.கிட்டப்பா. செங்கோட்டையில் 1906-ம் ஆண்டு பிறந்தவர். சின்ன வயதிலேயே அண்ணன்மாருடன் நாடகத்துக்கு வந்தவர். கன்னையா கம்பெனியில் நடித்துப் பெயர் பெற்றவர். ஆண் குரல் எட்டாத உயரத்தில் சர்வ சாதாரணமாகப் பாடுவார்.

1926-ம் ஆண்டு இருவரும் கொழும்பில் சேர்ந்து நடிக்க ஏற்பாடு ஆயிற்று. நாடகம் "வள்ளி திருமணம்".

"கிட்டப்பா முன்னால் நின்றால் உன் பாட்டு எடுபடாது" என்று சிலர் சுந்தராம்பாளைப் பயமுறுத்தினார்களாம். "அந்தப் பெண்ணோடு பாடாதே. உன் பெயர் கெட்டு விடும்" என்று வேறு சிலர் கிட்டப்பாவிடம் சொன்னார்களாம்.

இருவரும் கேட்கவில்லை. மேடை ஏறினார்கள்.

அவர் வேலன், இவர் வள்ளி. அவர் பாட, இவர் பதில் பாட, கொட்டகை அதிர்ந்தது. யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஜெயித்தது "வள்ளி திருமணம்"தான்!

மேடையில் தொடங்கிய போட்டி அன்பாக மாறியது. 1927-ம் ஆண்டு இருவரும் திருமணம் செய்து கொண்டனர்.

ஆறே ஆண்டுகள்

இந்தத் திருமணம் முழுக்க இன்பமாக இருந்தது என்று எழுதினால் அது பொய் ஆகும்.

கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். சாதியும் வேறு. நாடகத்தில் நடிக்கும் பெண்ணை அன்று ஊர் மதித்த விதமும் எல்லோருக்கும் தெரிந்ததே. பாட்டுக்குக் கைதட்டுகிற ஜனங்களே, வீட்டு வாசலில் அவளை நிறுத்தி வைத்துப் பேசுவார்கள்.

ஆனாலும், மேடையில் இருவரும் சேர்ந்து நின்றபோது தமிழ்நாடே மயங்கியது. "நந்தனார்" நாடகத்தில் சுந்தராம்பாள் நந்தனாராக வருவார். கிட்டப்பா வேதியராக வருவார். மனைவி பண்ணையாள், கணவன் எஜமான். ஊர் ஊராக இந்த நாடகம் நடந்தது.

வாழ்க்கையிலோ பிரிவும் மனத்தாங்கலும் வந்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. அன்பும், ஏக்கமும், கோபமும் கலந்த கடிதங்கள் அவை. ஆயிரக்கணக்கான பேர் கைதட்ட மேடையில் நின்ற பெண், ஒருவரின் பதிலுக்காகக் காத்து இருந்திருக்கிறார்.

கிட்டப்பாவின் உடம்பு கெட்டது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 27.

தமிழில் பேசும் படம் வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகி இருந்தன. கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவர் நடிப்பை நாம் பார்க்க வழி இல்லை. இசைத்தட்டுகளில் குரல் மட்டும் மிஞ்சி இருக்கிறது.

வெள்ளைப் புடவை

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

அவர் வெள்ளைப் புடவை கட்டினார். நெற்றியில் விபூதி. நகை இல்லை. கணவர் நினைவாகப் பாடி இசைத்தட்டுக் கொடுத்தார். அதைக் கேட்டு அழாத வீடு இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

பிறகு ஒரு சபதம் செய்தார்.

"இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்க மாட்டேன்!"

இந்தச் சபதம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

நாடகம் என்றால் என்ன? வள்ளி என்றால் முருகன் வேண்டும். பவளக்கொடி என்றால் அர்ச்சுனன் வேண்டும். மாதவி என்றால் கோவலன் வேண்டும். பெண் வேஷத்தில் பத்துக்கு ஒன்பது காதலி வேஷம்தான். ஜோடி சேர மாட்டேன் என்று ஒரு நடிகை சொன்னால், பிழைப்பே வேண்டாம் என்று சொன்னது போல!

மனைவியை இழந்த நடிகர் யாரும் இப்படிச் சபதம் செய்ததாக நாம் கேள்விப்படவில்லை. ஊரும் அப்படி எதிர்பார்க்கவில்லை. பெண் என்றால் ஊரின் கண் வேறு. ஆனால் சுந்தராம்பாள் ஊருக்குப் பயந்து செய்யவில்லை. தம் மனசுக்காகச் செய்தார். அதனால்தான் கடைசி வரை அதில் நின்றார்.

கதவு அடைத்தாகி விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வேறு கதவைத் திறந்தார்.

ஒரு லட்சம் ரூபாய்!

அசன்தாஸ் என்ற பட முதலாளி "நந்தனார்" கதையைப் படமாக எடுக்க விரும்பினார். நந்தனாராக நடிக்கச் சுந்தராம்பாளைக் கேட்டார்.

சுந்தராம்பாளுக்கு விருப்பம் இல்லை. மறுப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். "ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தால் நடிக்கிறேன்" என்றாராம். இந்தத் தொகையைக் கேட்டதும் வந்தவர் ஓடி விடுவார் என்பது அவர் எண்ணம்.

வந்தவர் ஓடவில்லை. "சரி" என்று சொல்லி விட்டார்!

அந்த நாளில் ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்குள் கிடைத்தது. அப்போது ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். அதுவரை தென்னாட்டில் எந்த நடிகரும் பெறாத சம்பளம். ரெயிலில் காலணா, அரையணா வாங்கிய கை, லட்ச ரூபாயை வாங்கியது.

வேஷம் ஆண் வேஷம். பக்தர் வேஷம். ஜோடி இல்லை. சபதத்துக்குப் பங்கம் இல்லை.

வேதியர் வேஷத்தில் நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். பெரிய சங்கீத வித்துவான். 1935-ம் ஆண்டு படம் வெளிவந்தது.

பனைமரம் நன்றாக நடித்தது!

லட்ச ரூபாய் படம் என்று ஊரே எதிர்பார்த்தது. ஆனால் எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை.

எழுத்தாளர் கல்கி "ஆனந்த விகட"னில் விமர்சனம் எழுதினார். இந்தப் படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும், எருமையும், ஆடும்தான் என்று கேலி செய்தார். நாடு முழுவதும் சிரித்தது.

குறை எங்கே? நாடகம் வேறு, சினிமா வேறு. மேடையில் கடைசி வரிசைக்காகக் கையை வீசி நடிக்க வேண்டும். காமிராவோ மூக்குக்கு முன்னால் நிற்கிறது. அன்றைய பேசும் படங்கள் எல்லாம் இந்தக் குழப்பத்தில்தான் இருந்தன. நாடகத்தை அப்படியே படம் பிடித்தார்கள். பாட்டுக்கு மேல் பாட்டு வைத்தார்கள். இரவல் குரல் கிடையாது. நடிப்பவர், காமிரா முன்னாலேயே பாடியாக வேண்டும்.

வேறு ஒருவராக இருந்தால், வாங்கிய பணம் போதும் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பார். அல்லது வருகிற படத்தை எல்லாம் ஒப்புக் கொண்டிருப்பார்.

சுந்தராம்பாள் இரண்டையும் செய்யவில்லை. காத்திருந்தார். அடுத்த படம் "மணிமேகலை". அது வந்தது 1940-ல். அங்கேயும் துறவி வேஷம்தான்!

தங்கத் தட்டு

இந்தக் காலத்தில் அவர் இன்னொரு மேடையில் பாடிக் கொண்டிருந்தார். அது காங்கிரஸ் மேடை.

தீரர் சத்தியமூர்த்தி நாடகக்காரர்களின் அருமை தெரிந்தவர். பத்து தலைவர்கள் பேசிக் கூட்ட முடியாத கூட்டத்தை ஒரு பாட்டு கூட்டி விடும் என்று அவருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்குப் பத்திரிகை எதற்கு? பாட்டுத்தான் அவர்களுக்குப் பத்திரிகை. சுந்தராம்பாள் கதர் உடுத்தினார். தேசியப் பாடல்களைப் பாடினார். 1937-ம் ஆண்டு தேர்தலில் ஊர் ஊராகப் போய்க் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் வென்றது.

காந்தியடிகள் சுந்தராம்பாள் வீட்டுக்கு வந்த கதையைக் கொடுமுடிப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

மகாத்மாவுக்குத் தங்கத் தட்டில் உணவு வைத்தார் சுந்தராம்பாள். காந்தியடிகள் சாப்பிட்டார். பிறகு சிரித்தபடி, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று கேட்டார். சுந்தராம்பாள் ஒரு வினாடிகூட யோசிக்காமல் தட்டை எடுத்துக் கொடுத்து விட்டார். காந்தியடிகள் அதை ஏலம் விட்டுப் பொது நிதியில் சேர்த்தார்.

45 வயதில் மகுடம்

ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன் "அவ்வையார்" படம் எடுக்க முடிவு செய்தார். ஆயிரக்கணக்கான துணை நடிகர்கள், கோட்டையை இடிக்கும் யானைக் கூட்டம், பெரிய பெரிய அரங்குகள் என்று பிரமாண்டமான படம். கொத்தமங்கலம் சுப்பு இயக்கினார். அவ்வையாராக நடிக்க ஒருவரைத் தவிர வேறு யாரையும் நினைக்க முடியாது. கையில் கோல், நெற்றியில் நீறு, கணீர் என்ற குரல்!

படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. இளம் பெண்ணாக இருக்கும் அவ்வைக்குத் திருமணம் பேசுகிறார்கள். அவளுக்கு விருப்பம் இல்லை. பிள்ளையாரிடம் போய், என் இளமையை எடுத்துக் கொள், என்னைக் கிழவி ஆக்கு என்று வேண்டுகிறாள். பிள்ளையார் அருள் செய்கிறார். பெண் கிழவி ஆகிறாள். அதன் பிறகு அவளைத் தடுக்க ஆள் இல்லை. அரசன் சபைக்கும் போகிறாள். குடிசைக்கும் போகிறாள். போர் செய்கிற மன்னரை நிறுத்திப் புத்தி சொல்கிறாள்.

அவ்வையின் கதை சுந்தராம்பாளுக்குப் புதிது அல்ல. அவ்வை பிள்ளையாரிடம் கேட்டதை, அவர் 20 ஆண்டுகளுக்கு முன்பே தாமாகச் செய்து முடித்திருந்தார்.

1953-ம் ஆண்டு படம் வெளிவந்தது. தமிழ்நாடு திரண்டு வந்து பார்த்தது. சினிமாவே பார்க்காத பாட்டிமார்கள், கோவிலுக்குப் போவது போலக் குளித்து விபூதி பூசிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். 1935-ல் சிரித்தவர்கள் 1953-ல் கைதட்டினார்கள்.

சட்டசபைக்குப் போன நடிகை

1950-களில் சுந்தராம்பாள் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார்.

அப்போது சட்டசபைக்கு இரண்டு பிரிவு. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்து எடுப்பவர்கள் இருப்பது ஒன்று. அறிஞர்கள், கலைஞர்கள் முதலியோருக்கும் இடம் தருவது மேலவை. இந்த மேலவை 1986-ல் கலைக்கப்பட்டு விட்டது.

இந்தியாவில் சட்டசபைப் படி ஏறிய முதல் சினிமாக் கலைஞர் சுந்தராம்பாள்தான். தமிழ்நாட்டில் பிறகு சினிமாவில் இருந்து எத்தனையோ பேர் சட்டசபைக்குப் போனார்கள், முதலமைச்சர்களும் ஆனார்கள். அவர்களுக்கு எல்லாம் முன்னால் அந்தப் படியில் கால் வைத்தது, வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி!

மாறிய வரி

அவ்வையாருக்குப் பிறகு பதினொரு ஆண்டு படம் இல்லை. 1964-ம் ஆண்டு "பூம்புகார்" வந்தது. சிலப்பதிகாரக் கதை. வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. எஸ்.எஸ்.ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. சுந்தராம்பாளுக்குக் கவுந்தி அடிகள் வேஷம். மறுபடியும் துறவி!

எழுதியவர் தி.மு.க. தலைவர்களில் ஒருவர், கடவுள் மறுப்புக் கொள்கை உடையவர். நடிப்பவர் காங்கிரஸ்காரர், முருக பக்தை. உரசல் வராமல் இருக்குமா?

கோவலன் அநியாயமாகக் கொலை செய்யப்பட்டதும் கவுந்தி அடிகள் பாட வேண்டும். பாட்டில் ஒரு வரி, தெய்வம் எங்கே போய் விட்டது என்று கேட்டதாம். "என் வாயால் இதைப் பாட மாட்டேன்" என்று சுந்தராம்பாள் மறுத்தாராம். எழுதியவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. தெய்வம் இங்கே வந்து விட்டது என்ற பொருள் வரும்படி வரியை மாற்றிக் கொடுத்தாராம். சுந்தராம்பாள் பாடினார். படவுலகில் இன்றும் சொல்லப்படும் கதை இது. இருவர் பெருமையும் இதில் இருக்கிறது.

அறுபதில் அகில இந்திய விருது

30 ஆண்டில் அவர் நடித்தது "பூம்புகா"ரையும் சேர்த்து நான்கே படங்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் அதைவிட அதிகமான படங்கள் வந்தன!

1965-ல் ஏ.பி.நாகராஜனின் "திருவிளையாடல்". மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக் கொண்டு மலைமேல் போய் நிற்கிற முருகனைச் சமாதானம் செய்ய அவ்வை வருகிறார். அந்தப் பாட்டைக் கேட்டு முருகன் இறங்கி வராவிட்டால்தான் ஆச்சரியம்! 1967-ல் "கந்தன் கருணை". அதிலும் அவ்வை அவர்தான்.

1969-ம் ஆண்டு சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த படம் "துணைவன்". அதில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்று தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டி விட்டது.

ஒரு வேடிக்கை பாருங்கள். பின்னணிப் பாடகி என்றால் பிறருக்குக் குரல் கொடுப்பவர். சுந்தராம்பாள் தமக்குத் தாமே பாடிக் கொள்பவர். இரவல் குரலே வேண்டாத நடிகைக்கு அந்த விருது போய்ச் சேர்ந்தது!

1970-ல் மத்திய சர்க்கார் "பத்மஸ்ரீ" பட்டம் அளித்தது.

பேய் உருவம்

1973-ம் ஆண்டு வந்த படம் "காரைக்கால் அம்மையார்".

அம்மையார் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. கணவன் பிரிந்து போனான். அவனுக்காக வைத்திருந்த அழகு இனி எனக்கு எதற்கு என்று சொல்லி, அம்மையார் பேய் உருவம் வேண்டிப் பெற்றார். பிறகு பாடிக் கொண்டே கயிலாயம் போனார்.

இளவயது அம்மையாராக லட்சுமி நடித்தார். உருமாறிய அம்மையாராகச் சுந்தராம்பாள் வந்தார்.

அவர் போட்ட வேஷங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நந்தனார். மணிமேகலை. அவ்வையார். கவுந்தி அடிகள். காரைக்கால் அம்மையார். ஒன்றில்கூட ஜோடி இல்லை. 25 வயதில் சொன்ன வார்த்தையை 65 வயதிலும் காப்பாற்றி இருந்தார்.

ஜோடி இல்லாமல் நடிகை இல்லை என்று சினிமா உலகம் சொன்னது. முதியவளும், துறவியும், பக்தையும் கதையின் நடுவே நிற்கலாம் என்று அவர் நின்று காட்டினார்.

காது கொடுங்கள்!

1980-ம் ஆண்டு சுந்தராம்பாள் மறைந்தார்.

அவர் நாடகங்களைப் பார்த்த தலைமுறை போய் விட்டது. கியாஸ் விளக்கும் கொட்டகைகளும் போய் விட்டன. கொடுமுடி வழியாக ரெயில் மட்டும் இன்றும் போகிறது.

வீட்டில் சின்னப் பெண் ஒருத்தி சத்தம் போட்டுப் பாடினால், "மெதுவாகப் பாடு" என்று அதட்டுகிறோம். கொடுமுடியில் ஒரு தாய் அப்படி அதட்டவில்லை.

அடுத்த முறை கோவில் ஒலிபெருக்கியில் அந்த வெண்கலக் குரல் கேட்டால், ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பிள்ளைகளையும் நிறுத்துங்கள். "யார் பாடுவது?" என்று அவர்கள் கேட்பார்கள்.

அவ்வையார் என்று சொல்லுங்கள். கூடவே, கொடுமுடியில் ரெயில் ஏறிப் பாடிய ஒரு சிறுமியின் பெயரையும் சொல்லுங்கள்.